தூங்காத கணினியும் மருமகள் சொன்ன சொல்லும்

என் மருமகள் வீட்டிலிருந்தபடியே நீதிமன்றத்துக்குத் தட்டச்சு செய்கிறவள். சாட்சிகள் கூண்டில் ஏறிச் சொல்வதை அங்கே ஒலிப்பதிவு செய்து வைப்பார்கள். அவள் அதை வாங்கி வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுத்தில் ஏற்றித் தருவாள். காலடியில், தையல் மெஷினில் இருப்பதுபோல் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். சாட்சி சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பதில் சொல்லத் தயங்கினால் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். அந்த மூன்று புள்ளியைக்கூட அவள் ஏனோதானோ என்று வைக்கமாட்டாள். மூச்சு வாங்குவதற்கும் தயங்குவதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் திரும்பவும் ஓடவிட்டுக் கேட்பாள்.

கேட்ட எதையும் வெளியே சொல்வதில்லை என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சொன்னபடியே நடந்தாள். ஊரே ஒரு வழக்கைப் பற்றிப் பேசும்போதும், அதன் சாட்சியம் முழுவதும் தன் காது வழியாகப் போயிருந்தும், "அப்படியா?" என்று புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வாள். என் மகன், கட்டின கணவன், அவனுக்கே ஒரு வரி தெரியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பின்னால் நடந்தது இந்தப் பெருமையிலிருந்து கிளம்பியதுதான் என்று நினைக்கிறேன்.

என் மகள் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவளைச் 'சின்னவள்' என்போம். மதியத்துக்கு மேல்தான் அவளுக்குக் கடை. காலையில் மகன் வேலைக்குக் கிளம்பிவிடுவான், நான் வாசகசாலைக்குப் போய்விடுவேன். மருமகள் பாதி நாட்கள் முடித்த வேலையைக் கொடுக்க நீதிமன்றத்துக்குப் போவாள். அப்போது வீட்டில் இருப்பது சின்னவள் மட்டும்தான். நான்கு பேர் துணியையும் வாஷிங் மெஷினில் போட்டு எடுத்து உலர்த்துவது அவள் பொறுப்பு. யாரும் அவளிடம் ஒப்படைத்த பொறுப்பு அல்ல. காலையில் வீட்டில் இருக்கிறோமே என்று அவளாக எடுத்துக்கொண்டது.

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

"அண்ணி, அந்த பேக்கரிக்காரர் கேஸ்ல என்னதான் சொன்னாங்க? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கடையில எல்லாரும் என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க."

"தெரியாது."

"ஹெட்போன் போட்டுக்கிட்டு பாட்டா கேக்கறீங்க?"

"ஆமா. நல்ல பாட்டு. நீயும் போய் வேலையைப் பாரு."

இப்படித்தான் சிரித்துக்கொண்டு கேட்டாள், சிரித்துக்கொண்டு பதில் வாங்கினாள். ஆனால் கேட்டது மருமகள் மனதில் தங்கிவிட்டது.

கணினி வைத்திருந்த பழைய மேசை அறையை அடைத்துக்கொண்டது என்று, மகன் அதை எடுத்துவிட்டுச் சுவரிலேயே இரும்புத் தாங்கி இரண்டை முடுக்கி, அதன்மேல் நீளமான பலகை ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். "யானை ஏறி நின்னாலும் அசையாது" என்று பலகையைத் தட்டிக் காட்டினான். அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பால்கனி. தண்ணீர்க் குழாய் எட்டவில்லை என்பதால் வாஷிங் மெஷினை அந்தச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தோம். இதையெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக எழுதும்போது விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

பலகை வந்த பிறகுதான் கணினியில் அந்தத் தொல்லை தொடங்கியது. மருமகள் வெளியே போகும்போது அதை முழுவதும் நிறுத்துவதில்லை. திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே தொடரலாம் என்று உறக்கத்தில் போட்டுவிட்டுப் போவாள். திரை அணைந்து, விசிறி நின்று, சின்ன விளக்கு ஒன்று மட்டும் மெல்ல மின்னிக்கொண்டிருக்கும். போகும்போது அப்படி இருப்பது, வரும்போது விழித்துக்கொண்டிருந்தது. திரை முழுக்க வெளிச்சம். பாதி தட்டச்சு செய்த சாட்சியம் வருவோர் போவோர் படிக்கும்படி திறந்து கிடந்தது. ஒவ்வொரு முறையும் அடிக்கச் சலித்துக்கொண்டு கடவுச்சொல்லை அவளே எடுத்துவிட்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டாள். பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எதையும் சொல்வார் என்பதால் தெருவில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். அவர் வந்து காதை வைத்தார்.

"அப்டேட் வருதுன்னா அதுவே எழுந்து உக்காந்துக்கும் மேடம். அதுக்கு ஒரு அலாரம் மாதிரி உள்ளே இருக்கு. அதை நிறுத்திடறேன். நெட்வொர்க் வழியாவும் எழுப்பலாம். அதையும் மூடிடறேன். இனிமே கும்பகர்ணன்தான்."

கும்பகர்ணன் அடுத்த சலவைக்கே எழுந்துவிட்டான். சலவை என்று நான் இப்போது எழுதுகிறேன். அன்று மருமகள் சொன்னது, "நான் வெளியே போன அடுத்த தடவையே" என்று.

அவள் கடவுச்சொல்லைத் திரும்பப் போட்டாள். மறுமுறை வந்தபோது திரை விழித்திருந்தது, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தோடு. சாதாரணமாக இதைப் பார்த்தால் மனம் ஆறவேண்டும், உள்ளே யாரும் நுழையவில்லையே என்று. அவளுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. 'யாரோ கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறார்கள்' என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். மகன் பிறகு என்னிடம் சொன்னது இது.

டாக்டர் இரண்டாம் முறை வந்த அன்று கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. எல்லோரும் வீட்டில் இருந்தோம். அவர் வெகுநேரம் எதையெதையோ திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அலாரம் எல்லாம் நிறுத்தியாச்சு. நெட்வொர்க்கும் மூடியாச்சு. இதுக்கு மேல தானா எழுந்திருக்க வழியே இல்ல மேடம். யாரோ கை பட்டிருக்கு."

சின்னவள் அப்போதுதான் டீத் தட்டோடு அறைக்குள் வந்தாள். மருமகள் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"யாருன்னு தேடவா வேணும்? காலையில வீட்டுல இருக்கறது ஒருத்திதான். சிலருக்குக் கை சும்மா இருக்காது."

டாக்டர் தட்டை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணி, என்னையா சொல்றீங்க?"

"நான் பேர் சொன்னேனா?"

"பேர் வேற சொல்லணுமா? மிச்சம் எல்லாம்தான் சொல்லிட்டீங்களே." சின்னவள் தன் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுண்ணா. நான் தொட்டேனா?"

மகன் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "தொட்டாத்தான் என்ன? பெருக்கும்போது தெரியாம பட்டிருக்கும்" என்றான். அதற்கு அவன் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

"அவ தொடமாட்டாம்மா" என்றேன் நான்.

"நீங்க காலையில வீட்டுல இல்லையே மாமா" என்றாள் மருமகள், மரியாதையாகத்தான். அது உண்மை. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல எனக்கு வராது. நான் சொன்னது அந்த அறையில் யார் காதிலும் நிற்கவில்லை.

சின்னவள் தட்டைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அந்த வாரத்திலேயே கடைக்குப் பக்கத்தில் மகளிர் விடுதி ஒன்றில் இடம் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "கடைக்குப் பக்கம்ப்பா, பஸ் மிச்சம்" என்றாள். இரண்டு பை எடுத்துக்கொண்டாள். மீதித் துணி அலமாரியில் இருந்தது.

அவள் போன பிறகு கணினி ஒருமுறைகூடத் தானாக எழவில்லை. துணி துவைப்பது மகன் தலையில் விழுந்தது. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம். மருமகள் ஞாயிறன்று கணினியை முழுவதும் நிறுத்திவிடுவாள். ஆகவே அதை எழுப்ப ஒன்றும் இல்லை.

"இப்பல்லாம் நிம்மதியா தூங்குது" என்றாள் அவள் ஒருநாள், தண்ணீர் குடித்துக்கொண்டே, யாரையும் பார்த்து அல்ல. அவள் முகத்தில் தன் பக்கம் நியாயம் நிரூபணமாகிவிட்டது என்ற தெளிவு இருந்தது. அந்த முகத்தை அவள் பின்னால் மறக்கப் பாடுபட்டிருப்பாள்.

பிறகு ஒருமுறை மகன் வேலையாக வெளியூர் போயிருந்தான். தொடர்ந்து மழை. துணி மலைபோல் சேர்ந்துவிட்டது. மருமகள் தட்டச்சு வேலையைப் பாதியில் நிறுத்தி, கணினியை உறக்கத்தில் போட்டுவிட்டு, பால்கனிக்குப் போய் மெஷினை ஓடவிட்டாள். பிறகு சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தாள். மழையால் நான் வாசகசாலைக்குப் போகவில்லை. கூடத்தில் என் நாற்காலியில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கணினி அறையின் வாசல் தெரியும்.

கொஞ்சம் கழித்துக் கத்தியைக் கையில் பிடித்தபடியே அந்த அறை வாசலில் வந்து நின்றாள். நின்றவள் அசையவில்லை.

"மாமா, நீங்க உள்ளே..."

"நான் எழுந்திருக்கவே இல்லம்மா."

"யாராவது..."

"யாரும் வரல."

திரை எரிந்துகொண்டிருந்தது. நானும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கணினியை மறுபடி உறக்கத்தில் போட்டாள். போட்டுவிட்டு, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றாள். தன் கையையே நம்பாதவள் போல இருந்தது அது. அறை அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினில் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது. பிறகு துணியைப் பிழியும் சுற்று தொடங்கியது. முதலில் மெல்ல, பின் வேகம் எடுத்து, எங்கள் மெஷினுக்கு வழக்கமான அந்த உறுமல். சுவர் அதிர்ந்தது. தாங்கி அதிர்ந்தது. பலகைமேல் கிடந்த பேனா நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. மவுஸின் அடியில் இருக்கும் சிவப்பு வெளிச்சம் பலகையில் நடுங்கியது. திரை பளிச்சென்று விழித்தது. மவுஸ் அசைந்தால் யாரோ வேலை செய்ய வந்துவிட்டார் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. அதற்குக் கையும் தெரியாது, சுவரும் தெரியாது.

அவள் உள்ளங்கையைச் சுவர்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகக் கேட்காத சொல்லைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பவள் அல்லவா, இதையும் அப்படியே விடவில்லை. மெஷினுக்கு மீண்டும் பிழியும் சுற்றைக் கொடுத்தாள், இம்முறை மவுஸைப் பலகையிலிருந்து எடுத்துக் கட்டில் மெத்தைமேல் வைத்து, கணினியை மறுபடி உறக்கத்தில் போட்டுவிட்டு. சுவர் உறுமியது, பேனா கீழே விழுந்தது, திரை இருட்டாகவே இருந்தது. மவுஸைத் திரும்பப் பலகைமேல் வைத்து, கணினியை உறங்கவிட்டு, மெஷினை இன்னொரு முறை பிழியவிட்டாள். திரை விழித்தது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்:

"மாமா, சின்னவ துவைக்கறது எப்பவும் காலையிலதானே?"

"ஆமாம்மா. நீ கோர்ட்டுக்குக் கிளம்பினதும் போடுவா."

"என் துணியையும்..."

"உன் துணியைத்தான் முதல்ல போடுவா. வெள்ளைன்னு தனியா."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. ஆனால் கேட்டாள், சொன்னேன்.

டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் மறுமுனையில் சிரித்தது எனக்கே கேட்டது. "அட, மவுஸா! அதை யோசிக்கலையே மேடம். டிவைஸ் மேனேஜருக்குப் போங்க. மவுஸைத் தொறங்க. பவர்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல, இந்தக் கருவி கம்ப்யூட்டரை எழுப்பலாம்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. கீபோர்டுக்கு இருக்கறதை விட்டுடுங்க, இல்லன்னா நீங்களே எழுப்ப முடியாம உக்காந்திருப்பீங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு சின்னச் சரிக்குறியை எடுத்ததோடு தொல்லை தீர்ந்தது. அவ்வளவு எளிதாகத் தீர்ந்துபோனதுதான் அவளை அதிகம் வாட்டியது என்று நினைக்கிறேன்.

அன்று இரவே விடுதிக்குக் கிளம்பினாள். "நீங்களும் வாங்க மாமா. தனியாப் போனா பாதி வழியிலேயே திரும்பிடுவேன்."

விடுதியில் பார்வையாளர் அறை என்று ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, சுவரில் விடுதி விதிகள். சின்னவள் கடையிலிருந்து வந்த அலுப்போடு இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, இப்ப எதுல என் கை பட்டுடுச்சு?"

மருமகள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாஷிங் மெஷின், சுவர், பலகை, மவுஸ் எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொல்லி முடித்தாள். சின்னவள் முழுதும் கேட்டாள். நடுவில் ஒருமுறை சிரித்துக்கூட விட்டாள்.

"அப்ப நான் உங்க சட்டையைத் துவைச்சதுதான் குத்தமா? துவைக்காம விட்டிருந்தா நல்லவளா இருந்திருப்பேன்."

"என்னை மன்னிச்சிடு."

"மன்னிக்கறது இருக்கட்டும். அண்ணி, அன்னிக்கு நான் டீத் தட்டோட நின்னேன். வெளியாள் ஒருத்தர் உக்காந்திருந்தார். கதவைத் தொறந்து வச்சு அதைச் சொன்னீங்க. இதை மட்டும் கதவைச் சாத்திட்டு வந்து சொல்றீங்க."

மருமகளுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வா. எல்லாரையும் வரவழைச்சு..."

"நான் எதுக்கு? என்னைக் கேக்காமத்தானே முடிவு பண்ணீங்க. அதையும் நான் இல்லாமலே பண்ணுங்க." என்னைப் பார்த்து, "அப்பா, மழையில நனையாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டாள்.

மறுநாள் மருமகள் டாக்டரின் கடைக்குப் போனாள். நானும் உடன் போனேன். போன் செய்தால் போதுமே என்று நான் சொல்லவில்லை. போதாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கடையில் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். ஒரு பெண் போனுக்கு உறை பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு பெட்டிமேல் காதை வைத்திருந்தார்.

"வாங்க மேடம்! தூங்குதா?"

"தூங்குது. அதுக்காக வரல." அவள் குரல் ஒரு கடையில் பேச வேண்டியதைவிடச் சற்று உரக்கவே வந்தது. "அன்னிக்கு உங்க முன்னாடி என் நாத்தனாரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். கை சும்மா இருக்காதுன்னு. அது... அவ தொடல. தொட்டதே இல்ல. அவ துணி துவைச்சிட்டிருந்தா. என் துணியை. அது பொய்... நான் சொன்னது பொய்."

எத்தனையோ பேர் சாட்சியத்தை எழுத்தாக்கியவள் அவள். அன்று அவள் பேசியதை யாராவது எழுதியிருந்தால் பாதிப் பக்கம் புள்ளியாகவே இருந்திருக்கும். பிரிண்டர்க்காரர் பிரிண்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ மேடம், என் மேலயும் தப்பு. யாரோ கை பட்டிருக்குன்னு நான்தானே சொன்னேன்."

"நீங்க யாரோன்னு சொன்னீங்க. யாருன்னு நான் சொன்னேன்."

ஊரிலிருந்து திரும்பிய மகனிடமும் விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பலகையைக் கழற்றிவிடுகிறேன் என்று ஸ்பேனரோடு வந்தான். "வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டாள்.

கடையில் நடந்ததைச் சின்னவளிடம் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஒரு காலையில் இரண்டு பையோடு வந்து கூடத்தில் வைத்தாள். "விடுதிச் சாப்பாடு வாயில வைக்க முடியலப்பா" என்றாள். அண்ணியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

வந்தவள் துவைக்கவும் தொடங்கினாள். ஆனால் தன் துணி, என் துணி, அண்ணன் துணி மட்டும். மருமகளின் துணி கூடையிலேயே கிடக்கும். மருமகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையில் தன்னுடையதைத் தானே கையால் துவைத்துக் கொடியின் கடைசி ஓரத்தில் போட்டுக்கொள்வாள். மெஷினை அவள் தொடவே இல்லை. அந்தப் பக்கம் பிழியும் சுற்று உறும ஆரம்பித்தால், இந்தப் பக்கம் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். சத்தம் அடங்கும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பாள். ஹெட்போனில் அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது என்பது எனக்குத் தெரியும். பலகையில் வைத்திருந்த கை உணர்ந்திருக்கும்.

இப்படியே கொஞ்ச காலம் போனது. பிறகு ஒரு காலை, அவள் நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்து பால்கனிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். கொடியில், முதல் இடத்தில், அவளுடைய வெள்ளைச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவள் ஒரு கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சத்தமில்லாமல் உள்ளே வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள், மிதியை மிதிக்கவில்லை. திரை இருட்டாகவே இருந்தது.

சமையலறையிலிருந்து சின்னவளின் குரல் வந்தது.

"அண்ணி, காலர் அழுக்கு போகல. அடுத்த தடவை நீங்களே சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டுக் கூடையில போடுங்க. எல்லாத்தையும் நானே பண்ண முடியாது."

"சரி" என்றாள் மருமகள். சின்னவளுக்குக் கேட்டிருக்காது. எழுந்து சமையலறை வாசல்வரை போய், இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.